மாறியதை மட்டும் பிரதி எடுங்கள்

ரயில்வே சிக்னல் பிரிவில் 40 ஆண்டுகள் வேலை பார்த்து, 2018-இல் ஓய்வு பெற்றவன் நான். சிக்னலில் பழுது வந்தால் அது சிவப்பையே காட்ட வேண்டும்; பழுது விபத்தாகிவிடக் கூடாது. எங்கள் பிரிவின் முதல் பாடம் இது. என் சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் அதை மறந்துபோனேன்.

2019-இல் என் தாயாருக்கு வயது 83. ஞாயிறுதோறும் காலைக் காபிக்குப் பிறகு அவர் தம் கதையைச் சொல்லுவார், நான் தட்டச்சு செய்வேன். 1955-இல் கல்யாணமான கையோடு ஜி.டி. எக்ஸ்பிரசில் நாக்பூர் வந்து இறங்கியது, மொழி தெரியாமல் கைஜாடையில் காய்கறி வாங்கியது, இட்லி அரிசிக்கு அலைந்தது எல்லாம் அதில் உண்டு.

ஃபைல்களைக் காக்கப் பெரிய மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது கம்ப்யூட்டரில் உள்ள அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டும், மணிக்கணக்கில் ஓடும். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டேன். பொங்கலுக்கு எடுத்த பிரதியே கடைசி. ஆடி மாதத்தில் ஹார்ட் டிஸ்க் நின்றுபோனது. இடையில் எழுதிய ஆறு மாதக் கதையும் போயிற்று.

"போனா போகுதுப்பா, மறுபடியும் சொல்றேன்" என்றார் அம்மா. சொன்னார். ஆனால் பாதிதான் நினைவுக்கு வந்தது. 2021-இல் அவரும் காலமானார். அந்த ஆறு மாதத்தில் கதையில் மாறியது ஒரே ஒரு ஃபைல். அதை மட்டும் பிரதி எடுக்க ஒரு நொடி போதும்!

ஒவ்வொரு ஃபைலின் அளவையும், அது கடைசியாக மாறிய தேதி, நேரத்தையும் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கிறது. எளிய மென்பொருள் இந்தக் குறிப்புகளை இரண்டு இடத்திலும் ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் எடுக்கும்.

விண்டோஸில் விஸ்டா காலம் முதல் 'ரோபோகாப்பி' உள்ளேயே இருக்கிறது. கட்டளையைத் தட்டத் தெரிந்தால் போதும். ஆனால் ஃபேட் 32 முறையில் உள்ள பென் டிரைவில் நேரம் 2 நொடிக் கணக்கில்தான் பதியும். அதனால் மாறாத ஃபைலும் மாறியதாகத் தோன்றலாம். கட்டளை வேண்டாம் என்பவர்களுக்கு 'ஃப்ரீஃபைல்சிங்க்' இருக்கிறது. இலவசம். எவை மாறின என்று முதலில் பட்டியல் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த 'ஃபைல் ஹிஸ்டரி'யோ, வெளி டிஸ்க் ஒன்றைக் காட்டிவிட்டால் மணிக்கொரு முறை தானே பார்த்து, பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை மூன்று. முதலாவது, பிரதி சாதாரண ஃபைலாகவே இருக்க வேண்டும். அந்த மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும். இரண்டாவது, நாம் தவறுதலாக அழித்ததை அதுவும் அழிக்கக் கூடாது. 'மிரர்' என்ற முறை அப்படித்தான் செய்யும். 'அப்டேட்' என்ற முறை அழிக்காது. மூன்றாவது, முந்தைய வடிவத்தையும் வைத்திருக்க வேண்டும். கெட்டுப்போன ஃபைலும் 'மாறிய' ஃபைல்தானே! நல்ல பிரதியின் மேல் அது ஏறி உட்கார்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், இணைத்திருக்கும் டிஸ்க்கையும் விடாது. இன்னொரு பிரதி மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். மாதம் ஒரு முறை பிரதியிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். சோதிக்காத சிக்னலை நாங்கள் நம்பியதில்லை.

இப்போதும் ஞாயிறு காலை காபி முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறேன். பிரதி எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. அம்மா ஜி.டி.யில் வந்து இறங்கிய கதை பொங்கலுக்கு முன்பே எழுதியது, அதனால் தப்பியது. பேரப்பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுகிறேன். "அப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்று கேட்கிறார்கள். அப்புறம் நடந்தது என்னிடம் பாதிதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலாவது முழுதாக இருக்கட்டும்.