மார்கழிக் குளிருக்குப் பிளானல் கௌதி

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள பெங்களூரில், மார்கழிக் குளிர் ஒற்றைப் போர்வைக்கு அடங்குவதில்லை. இதற்கு வட கர்நாடகப் பெண்கள் கண்ட வழி கௌதி. பழைய சேலைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை வைத்து, கையால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்ட கனத்த போர்வை அது.

மேல்துணியாகப் பருத்திப் பிளானலை வைத்தால் கதகதப்பு கூடும். அதன் மேலுள்ள மெல்லிய பஞ்சு நார் காற்றைப் பிடித்து வைப்பதே காரணம். பிளானல் சுருங்கும் துணி. ஆகவே வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். ஓரம் பிரியுமாதலால் தையலுக்கு அரை அங்குலம் விடுவது நல்லது. உள்ளே இரண்டு பழைய நூல் சேலைகள் போதும். அதிகமானால் துவைத்துப் பிழிவது கஷ்டம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கதகதப்புத் தரும் அதே பஞ்சு நாரில் தீயும் சட்டென்று பரவும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் என்றிருக்கும் வீடுகளில், அடுப்பை அணைத்த பிறகே கௌதியை விரிக்க வேண்டும். அதுவும் அடுப்புக்கு எட்டத்தில்.

அம்மாவின் சேலை நைந்துவிட்டால் பாத்திரக்காரனிடம் போட்டுவிட வேண்டாம். இரண்டு சேர்ந்தால் ஒரு கௌதிக்கு ஆயிற்று.