மிதிவண்டி விளக்கும் மின்நிலையமும்

மேனிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் நாம் மின்னியல் பயின்ற காலத்தில், ஆசிரியர் முதல் வகுப்பில் பாடநூலைத் திறக்கவில்லை. பழைய மிதிவண்டி ஒன்றின் பின்சக்கரத்தைத் தரைக்கு மேல் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுமாறு பணித்தார். சக்கரத்தில் டைனமோ பொருந்தியிருந்தது. ஆனால் விளக்கின் கம்பி கழற்றப்பட்டிருந்தது. சக்கரம் எளிதாகச் சுழன்றது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் கம்பியை இணைத்தார். விளக்கு எரிந்தது, அக்கணமே எம் கையில் கனம் ஏறியது. "விளக்கை எரிப்பது டைனமோ அன்று, உன் கை" என்றார். மின்சாரம் பற்றிப் பின்னர் நாம் கற்றவையெல்லாம் அந்த ஒரு தொடரின் விரிவுரையே எனலாம்.

காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று சார்ந்து அசையும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அவ்வாறு பிறக்கும் மின்னோட்டம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்து நிற்கும் என்பதை லென்சு 1834இல் விதியாக உரைத்தார். நாம் கையில் உணர்ந்த கனம் அந்த எதிர்ப்புத்தான். இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை.

மின்நிலையம் என்பதும் பெரியதொரு டைனமோவே. சுற்றும் கைதான் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. 1932இல் இயங்கத் தொடங்கிய நீலகிரியின் பைக்காரா நிலையத்தில், மலைச்சரிவுக் குழாய்களில் ஏறத்தாழ 3,000 அடி இறங்கிவரும் நீர் அப்பணியைச் செய்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் வெப்பம் நீரை நீராவியாக்கி, அந்நீராவி சுழலியைச் சுற்றுகின்றது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுப்பிளவின் வெப்பம் அதே நீராவியைத் தருகின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் தென்மேற்குப் பருவக்காற்றே நேராகச் சுற்றுகின்றது. கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் கதிரொளி நிலையம் மட்டும் இவ்வினத்தில் சேராது. அங்குச் சுழல்வது ஒன்றுமில்லை, சிலிக்கன் தகட்டில் ஒளி விழ, மின்னோட்டம் பிறக்கின்றது.

ஓர் இல்லத்தில் ஒரு விசிறியைப் போட்டால், எங்கோ ஒரு நிலையத்தின் சுழலி அணுவளவேனும் கனக்கின்றது. நம் நாட்டின் மின்னோட்டம் நொடிக்கு 50 அலைவுகள் கொண்டது. அதனைக் காக்க, இருமுனைக் காந்தம் பொருத்திய அனல்நிலைய மின்னாக்கி நிமிடத்துக்கு 3,000 முறை சுழலவேண்டும். சுமை கூடிச் சுழற்சி தளருமாயின் கூடுதல் நீராவி விடவேண்டும்; விட இயலாதபோது சில ஊர்களின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். மின்வெட்டு என்பதன் உட்பொருள் இதுவே. மின்சாரம் குதிரில் கொட்டி வைக்கும் நெல் அன்று. பெரும்பாலும் பிறந்த கணத்திலேயே செலவாகவேண்டியது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று, தேவை குறைந்த வேளையில் நீரை மேலணைக்கு ஏற்றி வைத்து, மாலையில் இறக்கி மின்னாக்குகின்றது. ஆயினும் ஏற்றுவதற்கு ஆகும் மின்சாரம் இறங்கும்போது முழுவதும் திரும்புவதில்லை.

2012ஆம் ஆண்டில் தமிழகம் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்தது. நாம் அரசுத் தேர்வுக்குப் படித்த ஆண்டு அது. மண்ணெண்ணெய் விளக்கடியில் மின்மாற்றியின் படத்தை வரைந்து பழகியது இன்று நகைப்புக்குரியதாகத் தோன்றினும் அன்று அழுகையே வந்தது. அடுத்த தெருவில் தையல் எந்திரம் வைத்துப் பிழைத்த குடும்பம் மின்சாரம் வரும் நள்ளிரவுக்காக விழித்திருந்ததையும் கண்டோம். அந்நாள்களில்தான் எம் வீட்டு மீட்டரை உற்றுநோக்கத் தொடங்கினோம்.

அது வட்டு சுழலும் பழைய மீட்டர். 600 சுற்றுக்கு ஒரு யூனிட். விளக்கு, விசிறி அனைத்தையும் நிறுத்திய பின்னும் வட்டு மெல்ல ஊர்ந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்ததில் 6 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதாவது மணிக்கு 10 சுற்று, நாளுக்கு 240, மாதத்துக்கு 7,200. ஆக 12 யூனிட்! ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கியபோது, ரிமோட்டால் மட்டும் அணைக்கப்பட்டிருந்த தொலைக்காட்சியும் அதன் செட்டாப் பெட்டியும் அகப்பட்டன. "அணைத்துத்தானே வைத்திருக்கிறேன்" என்று அம்மா நம்பவில்லை. வட்டு நின்றதைக் காட்டிய பின்னரே நம்பினார். அன்று முதல் படுக்கப்போகுமுன் சுவிட்சை நிறுத்துவது அவர் பொறுப்பாயிற்று.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு உழைப்பு? திடமான ஆடவர் ஒருவர் இடைவிடாது மிதிவண்டி மிதித்தால் ஏறத்தாழ 100 வாட் தரலாம். ஒரு யூனிட் சேர அவர் 10 மணி நேரம் மிதிக்கவேண்டும். 1,500 வாட் கொள்ளும் குளிர்சாதனம் ஓர் அறையில் ஓடும்போது, சுவருக்கு அப்பால் பதினைவர் வியர்க்க வியர்க்க மிதிப்பதாக எண்ணிப் பார்க்கலாம்.

அனல்நிலையமோ எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகின்றது; எஞ்சியது புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் போகின்றது. வழியில் கம்பிகளும் சிறிது தின்னும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகி, கம்பியின் வெப்ப இழப்பு நூற்றில் ஒன்றாகும். உயர்ந்த கோபுரங்களில் உயரழுத்தக் கம்பிகள் செல்வது அதனால்தான். இத்தனையும் கடந்து வரும் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை மட்டும் ஒளியாக்கி, ஏனையதை வெப்பமாக உதிர்ப்பது பழைய குண்டு பல்பு. 60 வாட் பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட். அதே அளவு ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 1.35 யூனிட் போதும். இதற்கு வழிதிறந்த நீல ஒளி டயோடைப் படைத்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விசிறியைக் குறைத்து வைத்தாலே சிக்கனம் என எண்ணுவோர் பலர். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் விசிறியின் பங்கைக் குறைத்து, குறைத்ததில் பெரும்பகுதியைத் தானே வெப்பமாக்கிக்கொள்ளும். தொட்டால் சுடுவதே சாட்சி. மின்னணு ரெகுலேட்டர் அவ்வாறு செய்வதில்லை.

வகுப்பறைகளைப் பற்றியும் ஒரு கணக்கு. ஓர் அறையில் 75 வாட் விசிறிகள் ஆறு. உணவு இடைவேளை ஒரு மணி நேரம் ஆளில்லாமல் சுழன்றால் 0.45 யூனிட். 200 வேலைநாள்களில் 90 யூனிட். 40 அறைகள் உள்ள கல்லூரியில் 3,600 யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எனக் கொண்டால், எவர்மீதும் படாத காற்றுக்காக எரிவது இரண்டரை டன். இக்கணக்கைச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதிவிட்டு நாம் உண்ணச் சென்றோம். திரும்பி வந்தபோது கணக்கு அழியாதிருந்தது. அதன் மேலே ஆறு விசிறிகளும் சுழன்றுகொண்டிருந்தன. நிறுத்த மறந்தவர்கள் நாமே.