வெட்டிவேர்ப் புல்லும் வரப்புக் காப்பும்

கோடையில் பானைத் தண்ணீரில் இடும் வெட்டிவேரையும், வாசலில் தொங்கவிட்டு நீர் தெளிக்கும் வெட்டிவேர்த் தட்டியையும் அறியாதார் நம் நாட்டில் அரியர். ஆயினும், அவ்வேரைத் தரும் புல்லானது மழைநீர் மேல்மண்ணை அடித்துச் செல்லாமல் தடுக்க வல்லது என்பதை உணர்ந்து பயன் பெறும் குடியானவர்கள் சிலரே. வேருக்காகப் பயிரிடுவது வேறு. மண் காப்புக்காக நடுவது வேறு. ஒரே வரிசையில் இரண்டு பயனையும் நாடுவோர் நிலத்திற்குக் கேடு தேடிக்கொள்வர்.

பயிரின் இயல்பு: இது பல்லாண்டுப் புல். அடர்ந்த தூராகச் சுமார் 5 அடி உயரம் நிமிர்ந்து வளர்ந்து, செவ்வூதா நிறக் கதிர் விடும். ஆதலால் தோட்டப் பாதைகளின் ஓரத்தில் அழகுக்காகவும் இதனை வைக்கலாம். அறுகைப் போல் இது தரையில் ஓடிப் படர்வதில்லை. இதன் வேர்கள் பக்கங்களில் அதிகம் பரவாமல் நேர் கீழே இறங்கி, தக்க மண்ணில் ஓராண்டிலேயே 10 அடி ஆழத்தை எட்டும். ஆகையால் அண்டையிலுள்ள பயிருக்கு இடையூறு குறைவு. வறட்சியையும், சில காலம் தேங்கும் நீரையும் இப்புல் தாங்கும். அடர்ந்த நிழலில் மட்டும் செழிக்காது. வட இந்தியாவில் தானே வளரும் வகை விதையினால் பெருகக்கூடியது. தென்னிந்தியாவில் பயிராகும் வகையோ முளைக்கும் விதை தருவதில்லை. வரப்புக்குத் தென்னிந்திய வகையே ஏற்றது. அது களையாகிவிடும் என்னும் அச்சத்திற்கு இடமில்லை.

வேருக்கான சாகுபடி: கடலூர்ப் பகுதியின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் இது வேருக்காகப் பயிராகின்றது. மணலில் வேர் நீண்டு வளர்வதுடன், அறாமல் தோண்டி எடுக்கவும் எளிது. களிமண்ணில் தோண்டும் கூலி மிகும். நட்ட 15 முதல் 18 மாதங்களில், மழை ஓய்ந்த பருவத்தில் வேரை எடுப்பது வழக்கம். முன்னதாக எடுத்தால் வேர் மெலிந்து, தைலத்தின் தரமும் குறையும்.

வரப்பில் நடும் முறை: முற்றிய தூரைப் பிரித்து, இரண்டு அல்லது மூன்று கிளைப்புகள் கொண்ட நாற்றுகளாக்க வேண்டும். தாளை 8 அங்குலம் விட்டு நறுக்கி, வேரையும் சிறிது கழித்து, மழை தொடங்கியதும் நட வேண்டும். நாற்றுக்கு நாற்று 4 முதல் 6 அங்குலம் இடைவெளி போதும். வரிசை சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தில் செல்வது இன்றியமையாதது. நீர்மட்டம் பாராமல் கோணலாக நட்டால், வெள்ளம் தாழ்ந்த இடத்தில் கூடி வரிசையை அறுத்துவிடும். முதலாண்டில் பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்தல் அவசியம். ஓர் இடைவெளியே வாய்க்காலாக மாறக்கூடும்.

பயன்படும் விதம்: அடர்ந்த தாள்களில் மோதும் நீர் வேகம் தணிந்து, பரவலாகக் கசிந்து செல்லும், அது சுமந்து வந்த வண்டல் வரிசையின் மேற்புறம் படியும். வண்டல் உயர உயரப் புல்லும் கணுக்களில் புதுவேர் விட்டு உடன் உயரும். இவ்வாறு சில ஆண்டுகளில் படிக்கட்டு போன்ற நிலம் தானே அமையும். கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பகுதிக் குடியானவர்கள் நெடுங்காலமாக இதனை எல்லை வேலியாக வைத்து வந்துள்ளனர். பிஜித் தீவின் கரும்பு நிலங்களில் 1950-ஆம் ஆண்டுகளில் இம்முறை கையாளப்பட்டது. 1980-ஆம் ஆண்டுகளில் உலக வங்கியின் நிபுணர்கள் இந்தியாவில் இதனைப் பரப்ப முயன்றனர்.

எச்சரிக்கை: வேருக்கு விலை கிடைக்கும்போது வரப்புத் தூர்களையும் தோண்டும் ஆசை எழுவது இயல்பே. தோண்டியவுடன் இளகிய மண் அடுத்த மழையிலேயே கரைந்தோடும். தைலத்திற்காக மலைச்சரிவுகளில் வேரைத் தோண்டும் ஹெய்ட்டி நாட்டில் மண்ணரிப்பு மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே விற்பனைக்குரிய வேரைச் சமமான மணல் நிலத்தில் தனியே பயிரிட்டுக்கொள்க. வரப்பிலுள்ள தூரிலிருந்து தாளை மட்டும் அறுத்து, கூரைக்கும் மூடாக்குக்கும், இளந்தாளாயின் மாட்டுக்கும் பயன்படுத்தலாம். ஒரு முறை விற்ற வேர் ஒரு முறையே பணம் தரும். நிலத்தில் விட்ட வேரோ மேல்மண்ணை ஆண்டுதோறும் காத்து நிற்கும்.