ஏழில் ஒன்று: ஒரு புழுவும் ஒரு ஃபார்வர்டும்

கம்ப்யூட்டர் ஒழுக்கம் என்று பேச ஆரம்பித்தாலே ஒரு பட்டியல் வந்துவிடும். அடுத்தவர் பாஸ்வேர்டைத் தொடாதே, திருட்டு மென்பொருள் போடாதே, பிறர் எழுதியதைக் காப்பி அடிக்காதே. எல்லாம் சரிதான். ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவன் அந்தப் பட்டியலைப் படிக்கப் போவதில்லை. நல்ல எண்ணம் உள்ளவரோ 'இது நமக்கில்லை' என்று தாண்டிப் போய்விடுவார். இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவது வகை ஆட்கள்தான். நானும் அந்த வகைதான், நீங்களும் அநேகமாக அப்படித்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வழக்கு உதவும். அதன் தீர்ப்பையும் அந்தக் காலத்துத் தொழில்நுட்ப அறிக்கைகளையும் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். குறிப்புகளை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

1988 நவம்பர் 2

அன்றைய இணையம் ரொம்பச் சின்னது. மொத்தமே சுமார் 60,000 கணினிகள் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், ராணுவம் சார்ந்த அமைப்புகள். 'வெப்' இன்னும் பிறக்கவில்லை. சின்ன கிராமம் மாதிரி, ஒருவரை ஒருவர் தெரியும். வாசல் கதவைத் தாழ்போடும் பழக்கம் குறைவு.

அன்று மாலை, கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு ஆராய்ச்சி மாணவராக இருந்த ராபர்ட் டேப்பன் மோரிஸ் தான் எழுதிய ஒரு நிரலை எம்.ஐ.டி.யில் இருந்த ஒரு கணினி வழியாக வெளியே விட்டார். வயது 22. அந்த நிரல் தானாகவே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போகக்கூடியது. அதனால்தான் 'புழு' என்று பெயர்.

அது நுழைந்த வழிகள் நான்கு. ஒன்று, மின்னஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் நிரலில் சோதனைக்காக விட்டுவைத்திருந்த ஒரு பின்வாசல். இரண்டு, ஃபிங்கர் என்ற சேவையில் இருந்த ஓட்டை. அது 512 பைட் மட்டுமே கொள்ளும் இடத்தில், வருவது எவ்வளவு என்று பார்க்காமலே கொட்டிக்கொள்ளும். சி மொழியின் 'கெட்ஸ்' என்ற கட்டளை செய்த வேலை அது. அந்தக் கட்டளையைச் சி மொழியின் தரநிலையிலிருந்து ஒருவழியாக நீக்கியது 2011-இல்! மூன்று, 'இவர் நம்ம ஆள்' என்று ஒரு கணினி இன்னொன்றை நம்பி, பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் ஏற்பாடு. நான்கு, பாஸ்வேர்டை ஊகிப்பது. அதற்காக 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைப் புழு கையோடு எடுத்துப் போனது.

இந்த நான்காவதில் ஒரு விசித்திரம். யூனிக்ஸில் பாஸ்வேர்டுகளை எப்படிப் பாதுகாப்பது என்று 1979-இல் கென் தாம்ப்ஸனோடு சேர்ந்து முக்கியமான கட்டுரை எழுதியவர் இதே மாணவரின் தந்தை. அவர் பெயரும் ராபர்ட் மோரிஸ்தான்.

பிரேக் இருந்தது, போதவில்லை

புழு எதையும் அழிக்கவில்லை. கோப்புகளைத் தொடவில்லை, எதையும் திருடிக்கொண்டு போகவில்லை. பின் ஏன் அவ்வளவு களேபரம்? காரணம் ஒரு எண்.

ஒரே கணினியில் பல பிரதிகள் சேர்ந்துவிட்டால் அது மெதுவாகும், மாட்டிக்கொள்வோம் என்பது மோரிஸுக்குத் தெரியும். அதனால் புழு உள்ளே போனதும் 'ஏற்கெனவே இங்கே நம்ம ஆள் இருக்கிறானா?' என்று கேட்கும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் புதிய பிரதி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் பிரேக்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். புழுவை விரட்ட நினைக்கும் நிர்வாகி எவராவது, எப்போதும் 'ஆமாம்' என்று பொய் சொல்லும்படி தன் கணினியை அமைத்துவிட்டால்? அதற்காக மோரிஸ் ஒரு விதிவிலக்கு வைத்தார். ஏழு முறை 'ஆமாம்' வந்தால் அதில் ஒரு முறை பதிலைக் கண்டுகொள்ளாமல் பிரதி எடுத்துக்கொள்.

ஏழில் ஒன்று என்பது கேட்பதற்குச் சின்ன விகிதம்தான். ஆனால் ஒவ்வொரு கணினியையும் சுற்றியிருக்கும் கணினிகள் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரத்தில் நூறு முறை தட்டினால் சுமார் 14 பிரதிகள் தங்கிவிடும். ஒவ்வொன்றும் பாஸ்வேர்டு ஊகிக்கிறேன் என்று செயலியைப் பிடுங்கித் தின்னும். சில மணி நேரத்தில் கணினிகள் திணறி விழுந்தன. மறுபடி கிளப்பினால் மறுபடி தொற்றியது. பல இடங்களில் வேறு வழியில்லாமல் வலையிலிருந்தே கணினியைத் துண்டித்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்பது அன்றைய மதிப்பீடு. அதாவது பத்தில் ஒன்று.

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி. நிலைமை கைமீறிப் போனது தெரிந்ததும் மோரிஸ் ஹார்வர்டில் இருந்த நண்பரோடு பேசினார். அந்த நண்பர் பின்னிரவில், பெயர் போடாமல், புழுவை எப்படித் தடுப்பது என்று விளக்கி ஒரு பொதுச் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தி உரிய நேரத்தில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. போக வேண்டிய பாதையைப் புழுவே அடைத்துவிட்டது! ஒரு நாளுக்கு மேல் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஆளாளுக்குத் தூக்கம் கெட்டு, நிரலைப் பிரித்துப் பார்த்து, தாங்களாகவே மருந்து கண்டுபிடித்திருந்தார்கள்.

கெடுக்க வேண்டும் என்று நினைக்காவிட்டால்?

அமெரிக்கக் கணினி மோசடிச் சட்டம் 1986-இல் வந்தது. அதன் கீழ் நடுவர் குழு குற்றவாளி என்று தீர்ப்பளித்த முதல் நபர் மோரிஸ் (1990). 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். சிறை இல்லை.

மேல்முறையீட்டில் அவர் தரப்பு வாதம் நமக்கு எல்லாருக்கும் தோன்றக்கூடியதுதான்: 'சேதம் செய்யும் நோக்கம் எனக்கு இல்லை.' 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அனுமதியில்லாமல் நுழைய வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி, சேதப்படுத்தும் எண்ணம் தனியாக நிரூபிக்கப்பட வேண்டியதில்லை என்றது. ஒவ்வொரு இடத்திலும் புழுவைச் சுத்தம் செய்ய ஆன செலவு 200 டாலரிலிருந்து 53,000 டாலருக்கு மேல் வரை என்று அதே தீர்ப்பு குறிப்பிடுகிறது.

நம்ம ஊர்ச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் அனுமதியில்லாமல் ஒரு கணினியில் நுழைந்தாலே இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு வரலாம். அதையே நேர்மையற்ற, மோசடியான எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆக, 'சும்மா பார்க்கத்தான் சார் போனேன்' என்பது சிறையிலிருந்து காப்பாற்றலாம், பொறுப்பிலிருந்து காப்பாற்றாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சம்பவம் நடந்து இரண்டே மாதத்தில், 1989 ஜனவரியில், இணையத்தை வழிநடத்திய குழு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. ஆர்.எஃப்.சி. 1087 என்பது அதன் எண். அனுமதியில்லாமல் நுழைதல், மற்றவர் பயன்பாட்டைக் குலைத்தல், ஆட்களின் நேரத்தையும் கணினிகளின் திறனையும் வீணடித்தல், தகவலைச் சிதைத்தல், அந்தரங்கத்தைக் கெடுத்தல் ஆகிய ஐந்தையும் ஒழுக்கக் கேடு என்கிறது. அதோடு நிற்கவில்லை. வலை முழுவதையும் தொடும் சோதனைகளைக் கவனக்குறைவாகச் செய்வதே பொறுப்பின்மை, அதை ஏற்க முடியாது என்றும் சொல்கிறது. கெட்ட எண்ணம் மட்டும் இல்லை, கவனமின்மையும் ஒழுக்கப் பிரச்சினை. இதை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சீக்கிரம் எழுதிவைத்தார்களே என்று எனக்கு ஆச்சரியம்தான்.

மோரிஸ் வில்லன் இல்லை. பிற்பாடு அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். நல்ல மூளை, பெரிய கெட்ட எண்ணம் இல்லை, பிரேக் பற்றிக்கூட யோசித்தவர். அப்படிப்பட்டவர் கையிலிருந்தே இது நழுவியது.

2018: புழு வேண்டாம், நாமே போதும்

இனி முப்பது வருஷம் தாண்டி வருவோம். 2018-இல் 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாக இந்தியா முழுக்கப் பரவியது. அப்போது சுற்றிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். கடைசியில் வரும் 'கவனமாக இருங்கள்' பகுதியை வெட்டிவிட்டால் அது நிஜக் கடத்தல் மாதிரியே இருக்கும். வெட்டினார்கள், அனுப்பினார்கள்.

அந்த மே மாதம், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் கூட்டம் அடித்தே கொன்றது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். ஃபார்வர்டு செய்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். 'நம்ம பிள்ளைங்க பத்திரமா இருக்கணும்' என்றுதான் அனுப்பியிருப்பார்கள். எண்ணம் நல்லதுதான். பிரேக்?

வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைக்கும் நடுவே பூட்டப்பட்டவை. உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது. அதனால் பொய்யை மட்டும் பிடித்து நிறுத்த முடியாது, வேகத்தை மட்டும்தான் குறைக்க முடியும். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தினார்கள். 2019 ஜனவரியில் அதை உலகம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் என்று இன்னும் இறுக்கினார்கள்.

5 என்பது சின்ன எண்ணா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஐந்து பேருக்கு அனுப்பினால் ஒன்பதாவது படியில் 19,53,125 பேர். அந்த ஐந்தும் குரூப்பாக இருந்தால்? அப்போது ஒரு குரூப்பின் உச்சவரம்பு 256. ஐந்து குரூப் நிறைந்திருந்தால் ஒரே தட்டலில் 1,280 பேர். ஏழில் ஒன்று மாதிரிதான் இதுவும். பெருக்கத்துக்கு முன்னால் எந்தச் சின்ன எண்ணும் சின்னதில்லை. நிறுவனம் போட்ட பிரேக் வேகத்தைக் குறைக்கும். நிறுத்த வேண்டியவர் அனுப்புகிறவர்தான்.

மூன்று கேள்விகள்

தமிழில் 'முடியும்' வேறு, 'செய்யலாம்' வேறு. கணினி நமக்கு 'முடியும்' என்பதை மட்டுமே சொல்லும். 'லாம்' என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். என்னோடு வேலை செய்கிற இளைஞர்களுக்கு நான் மூன்று கேள்விகள் சொல்வதுண்டு.

முதலாவது, இது யாருடைய இடத்தில், யாருடைய செலவில் ஓடுகிறது? ஒரு தளத்திலிருந்து தரவை அள்ளும் ஸ்கிரிப்ட் உங்கள் லேப்டாப்பில் ஓடுவது மாதிரி தெரியும். பாரம் சுமப்பது அந்தத் தளத்தின் சர்வர். அது ஒரு சின்னப் பள்ளியுடையதாகவோ தனி ஆள் கைக்காசு போட்டு நடத்துவதாகவோ இருக்கலாம். நொடிக்கு நூறு கோரிக்கை என்பதை ஐந்து நொடிக்கு ஒன்று என்று மாற்றினால் உங்களுக்கு ஒரு ராத்திரி கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நான் இல்லாதபோது இதை நிறுத்துவது எது? தானாக மின்னஞ்சல் அனுப்பும் நிரலுக்கு ஓர் உச்சவரம்பு, தோற்றால் மறுபடி முயல்வதற்கு ஓர் எண்ணிக்கை, முழுதாக அணைக்க ஒரு சுவிட்ச். இவை இல்லாமல் எதையும் வெளியே விடக்கூடாது. மோரிஸின் புழுவில் அணைக்கும் சுவிட்ச் இல்லை. நமக்கு வந்த வீடியோவிலும் இல்லை.

மூன்றாவது, தப்பாகிப் போனால் பாதிக்கப்பட்டவர் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா? என் ஸ்கிரிப்ட் தன் பெயரோடு தொடர்பு முகவரியையும் சொல்லிவிட்டுத்தான் கதவைத் தட்டும். ஃபார்வர்டுக்கும் இதே கேள்வி: இதை என் சொந்தச் சொற்களில், என் பெயர் போட்டு, 'நான் விசாரித்தேன்' என்று எழுதி அனுப்பத் தயாரா? தயாரில்லை என்றால் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

'தப்பாகிவிட்டால் டெலீட் செய்துவிடலாமே' என்று கேட்கலாம். 'அனைவருக்கும் நீக்கு' என்ற வசதி நீங்கள் அனுப்பிய உரையாடலில் இருப்பதை மட்டும்தான் நீக்கும். அங்கிருந்து மற்றவர்கள் எடுத்து அனுப்பிய பிரதிகளை அது தொடாது. திருத்தம் எப்போதும் பின்னாலிருந்து துரத்திக்கொண்டுதான் போகும். 1988-இல் கணினி அறிஞர்கள் நடுவிலேயே அது ஒரு நாளுக்கு மேல் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. குடும்பக் குரூப்பில் எவ்வளவு பிந்தும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.