பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு... ஆனா நிலம் சாமிக்கு!

செவ்வாய்க்கிழமைகளில் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்குத் தெரியும், சிறுவாபுரி பிரிவு நெருங்கும்போதே வண்டிகள் ஊர்ந்து போக ஆரம்பித்துவிடும். சின்னம்பேடு கிராமத்தில் இருக்கும் பாலசுப்பிரமணிய சுவாமியைத் தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை தரிசித்தால் சொந்த வீடு அமையும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. சின்னச் சின்னக் கற்களை வீடுபோல அடுக்கிவைத்து வேண்டிக்கொள்கிறார்கள். சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கிற குடும்பங்களின் ஏக்கம் அந்தக் கற்களில் இருக்கிறது.

அந்த ஏக்கம் ரியல் எஸ்டேட்காரர்களுக்கும் நன்றாகவே தெரியும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மனைப்பிரிவு விளம்பரங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு வேண்டும். 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரிவாக்கியது. எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் அருகே முடியும் சென்னை எல்லைச் சாலை வேறு வருகிறது. நேற்றுவரை நெல் விளைந்த இடத்துக்கு இன்று சதுர அடிக் கணக்கில் விலை.

வயல் மனையாகும்போது ஊர்ப் பெரியவர்கள் யாராவது ஒருவர் கேட்பார், ‘இது கோயில் மானியமாச்சே?’ என்று. அந்த ஒற்றைக் கேள்வியில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்து மனைகள் எல்லாம் கோயில் நிலம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், இந்து சமய அறநிலையத்துறையின்கீழ் உள்ள கோயில்களுக்குத் தமிழகம் முழுக்க ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. நகரம் ஊருக்குள் வரும்போது ஏதோ ஓர் இடத்தில் அந்த நிலத்தில் கால் வைத்தே ஆக வேண்டும்.

இரண்டு பக்கமும் நியாயம்

பழைய குடிகளின் வாதம் எளிமையானது. விளக்கெரிக்கவும், திருவிழா நடத்தவும் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த நிலம். அதைக் கூறு போட்டு விற்றுவிட்டால் நாளைக்கு நைவேத்தியத்துக்கு அரிசி எங்கிருந்து வரும்? மூன்றரை அடிக் கருவறையில் இருக்கிற சாமி வந்து கேஸ் போடவா முடியும்?

மனை வாங்கியவர்களின் வாதமும் லேசுப்பட்டதல்ல. பதிவு அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டித்தான் பத்திரம் பதிந்திருக்கிறார்கள். தாலுகா அலுவலகம் பட்டா கொடுத்திருக்கிறது. பஞ்சாயத்து வீட்டு வரி வாங்கியிருக்கிறது. மின் இணைப்பு கொடுத்தாயிற்று, வங்கி கடன் கொடுத்தாயிற்று. இத்தனை அலுவலகங்களும் பார்த்துச் சரி என்று சொன்ன இடத்தை, முப்பது வருடம் கழித்து இது சாமி சொத்து என்றால், தவறு செய்தது யார்? பதில் சொல்ல வேண்டியவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள். ப்ளாட் போட்டவர் எங்கே என்றே தெரியாது. கடைசியாக வாங்கியவர் மட்டும்தான் அதே முகவரியில் இருப்பார், நோட்டீஸ் வாங்குவதற்கு.

‘முன்னாள்’ கோயில் நிலம் என்று ஒன்று உண்டா?

பேச்சுவழக்கில் ‘ஒரு காலத்துல கோயில் நிலமா இருந்துச்சு’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கோயில் மூர்த்தி சட்டத்தின் கண்ணில் என்றுமே மைனர். மைனர் சொத்தைக் கார்டியன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அதே கதைதான் இங்கேயும். 1959-ம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34-வது பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். அந்த விற்பனை கோயிலுக்கு அவசியம் அல்லது நன்மை என்று அவர் கருத வேண்டும். அதற்குமுன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். இவை இல்லாமல் தர்மகர்த்தாவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த விற்பனை செல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. தனியார் நிலத்தில் 12 வருடம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்தால் உரிமை வந்துவிடும் என்ற பேச்சு ஊரில் உண்டு. கோயில் நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்புச் சட்டமே பொருந்தாது என்கிறது அதே சட்டத்தின் 109-வது பிரிவு. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் கடிகாரம் ஓடாது.

அரசாங்கமேகூட இதில் தப்ப முடியவில்லை. கள்ளக்குறிச்சி புது மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகம் கட்ட வீரசோழபுரம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலத்தைக் கேட்டார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

மேல்வாரமா, குடிவாரமா?

சிக்கலின் வேர் இனாமில் இருக்கிறது. மன்னர்களும் நவாப்களும் பாளையக்காரர்களும் கோயிலுக்கும், கோயில் ஊழியம் செய்தவர்களுக்கும் நிலத்தை மானியமாகக் கொடுத்தார்கள். அர்ச்சகர், நாதஸ்வரக்காரர், பூக்கட்டுகிறவர், சட்டிப்பானை செய்கிறவர், துணி வெளுப்பவர் என்று ஊழியத்துக்கு ஊழியம் தனித்தனி மானியம். வெள்ளைக்காரர்கள் 1858-ல் இனாம் கமிஷன் அமைத்து, யாருக்கு எந்த நிலம், எதற்காக என்று விசாரித்து இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் எழுதினார்கள். இன்றைய வழக்குகளில் இரு தரப்பும் தூக்கிப் பிடிப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

கேள்வி இதுதான்: கோயிலுக்குக் கொடுத்தது நிலத்தையா, நிலத்தின் வருமானத்தையா? அரசுக்குச் சேர வேண்டிய வரிப் பங்கு மேல்வாரம். உழுகிறவரின் உரிமை குடிவாரம். இரண்டும் சேர்த்துக் கொடுத்திருந்தால் நிலமே கோயிலுடையது. மேல்வாரம் மட்டும் என்றால், வரிதான் கோயிலுக்கு, மண் உழவருக்கு. ஒரே ஒரு வார்த்தை வித்தியாசத்தில் ஒரு ஊரே சொந்தக்காரராகவோ ஆக்கிரமிப்பாளராகவோ ஆகிவிடும்.

1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. ரயத்வாரி பட்டா கொடுத்தார்கள். அதில் ஊழிய மானியக்காரர்களுக்குக் கிடைத்த பட்டா, ஊழியத்தோடு பிணைக்கப்பட்டது. பட்டாவில் பெயர் இருக்கிறது என்று வாரிசுகள் விற்றார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் அனுபவத்தில் இருந்தவர் பெயரே கணக்கில் ஏறியதும் உண்டு. கோயில் பெயர் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்கு வரும்போது காணாமல் போனது இப்படித்தான்.

வெண்ணெய்மலையில் பூட்டிய கதவுகள்

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கரூர் சாட்சி. நகரை ஒட்டியுள்ள வெண்ணெய்மலை பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குரியவை என்று 500 ஏக்கருக்கு மேற்பட்ட இனாம் நிலங்களை மீட்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. நீதிமன்றம் மீட்பு நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. அங்கே இருப்பது குடிசைகளோ வெற்று நிலமோ கிடையாது. மாடி வீடுகள், கடைகள், தெருக்கள் என முழுசாக ஒரு நகர்ப்புறம். அதிகாரிகள் சீல் வைக்க வந்தபோது மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்களும் முதியவர்களும் வீட்டு வாசலில் நின்று வாக்குவாதம் செய்தார்கள். 2025 நவம்பரில் அரசியல்வாதிகளும் போராட்டத்தில் இறங்க, பிரச்னை மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது.

குடியிருப்போரின் கோரிக்கை: எங்கள் கிரயம், பட்டா, இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வந்த உரிமை எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரியுங்கள், மொத்தமாக ஆக்கிரமிப்பு என்று முத்திரை குத்தாதீர்கள். கோயில் சொத்து மீட்புக்காரர்களின் பதில்: செல்லாத கிரயத்தின்மேல் பத்து கிரயம் நடந்தாலும் பத்தும் செல்லாது. சட்டப்படி இந்தப் பதில் வலுவானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறது. குடியிருப்பவர்களை வாடகைதாரர்களாக ஏற்று, அடிமனைக்கு நியாய வாடகை நிர்ணயிப்பது. சென்னையில் கோயில் அடிமனையில் வீடு கட்டி, வாடகை செலுத்தி வாழும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உண்டு. கோயிலுக்கு வருமானம் வரும், யாரும் தெருவுக்கு வர வேண்டாம். ஆனால் சொந்த வீடு என்று நம்பிக் கட்டியவருக்கு, தன் வீட்டிலேயே வாடகைக்குக் கையெழுத்துப் போடுவது சாதாரண விஷயமா? போட்டுவிட்டால், பட்டா தன்னுடையது என்ற வாதத்தைத் தானே விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்ற பயமும் இருக்கிறது. வாடகை உயர்ந்துகொண்டே போனால் என்ன செய்வது என்பது அடுத்த பயம்.

மற்ற மதங்களிலும்

இது கோயில் பிரச்னை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் தன் நிலத்தை விற்கப் போன விவசாயியிடம், வக்ஃப் வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். பழைமையான சிவன் கோயில் உள்ள ஊர் அது. ஊரே திகைத்துப்போனது. கேரளாவில் கொச்சி அருகே முனம்பத்தில், 1950-ல் ஒரு கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட நிலத்தை, அந்தக் கல்லூரியிடமிருந்தே விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏறக்குறைய 600 குடும்பத்தினர். 2019-ல் வாரியம் அதை வக்ஃப் சொத்தாகப் பதிந்தது. அது வக்ஃபா, வெறும் தானமா என்று உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என வழக்கு நடக்கிறது. அங்கேயும் எழுபது வருடத்துக்கு முந்தைய ஆவணத்தின் வாசகம்தான் வீடுகளின் தலையெழுத்து.

22-ஏ என்கிற பூட்டு

தமிழகத்தில் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டப் பிரிவு 22-ஏ, இரண்டு விஷயங்களை ஒன்றாகத் தடுக்கிறது. அறநிலையத்துறையின்கீழ் உள்ள கோயில் சொத்து, வக்ஃப் சொத்து, பூதான நிலம் ஆகியவற்றை உரிய அனுமதி இல்லாமல் பதிய முடியாது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் வீட்டுமனையும் பதிய முடியாது. பல இடங்களில் கோயில் நிலத்தின் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பையே பூஜ்ஜியமாக்கிவிட்டார்கள். கொள்ளையைத் தடுக்க நல்ல பூட்டுதான். ஆனால் பழைய சர்வே எண்ணில் ஒரு பகுதி மட்டும் கோயிலுடையது, மீதி தனியாருடையது என்றால், உட்பிரிவு பார்க்காமல் முழு எண்ணையும் பூட்டும்போது சம்பந்தமில்லாதவரும் மாட்டிக்கொள்கிறார். பெண் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்கப் போனவர் அன்றைக்குத்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்.

வாங்கும் முன்...

கும்மிடிப்பூண்டிப் பக்கம் மனை பார்க்கிற குடும்பங்கள் வழக்கமாகக் கேட்பது, ‘டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கா? ரெரா நம்பர் இருக்கா?’ கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் இரண்டுமே சாலை அகலம், திட்ட அனுமதி, புரமோட்டரின் பொறுப்பு பற்றியவை. நிலம் யாருடையது என்பதற்கு அவை உத்தரவாதம் தருவதில்லை. 30 வருட வில்லங்கச் சான்றும் போதாது, கோயில் கையைவிட்டு நிலம் போனது அதற்கும் முன்னால் இருக்கலாம்.

அறநிலையத்துறை கோயில் நில விவரங்களைத் தன் இணையதளத்தில் ஏற்றி வருகிறது. 2021 முதல் ரோவர் கருவி கொண்டு அளந்து எல்லைக் கற்களும் நடுகிறது. முதலில் அங்கே சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இப்போதைய உட்பிரிவு எண் மட்டும் தெரிந்தால் பயனில்லை, யு.டி.ஆருக்கு முந்தைய பழைய எண் வேண்டும். ‘இனாம்’, ‘தேவதாயம்’, ‘மானியம்’ என்ற சொற்கள் தாய்ப் பத்திரத்தில் எங்கே வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, சம்பந்தப்பட்ட மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் பதில் கையில் ஆவணமாக இருக்கும்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இந்த மாவட்டம் பிறந்தது 1997-ல்தான். அதற்கு முந்தைய ஆவணங்களில் உங்கள் ஊர் பெரும்பாலும் செங்கல்பட்டு ஜில்லாவில் இருக்கும். திருவள்ளூர் என்று தேடிவிட்டு, எதுவும் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். இனாம் பதிவேட்டின் நகலுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பிக்கலாம். போகும்போது கிராமத்தின் பழைய பெயரையும், அன்றைய தாலுகாவின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.