காணாமல் போன வீரருக்கும் ஒரு முகவரி

போருக்குப் போனவர் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தால், வீட்டில் அழுது தீர்க்கலாம், காரியம் செய்யலாம். 'காணவில்லை' என்று மட்டும் வந்தால் என்ன செய்வீர்கள்? படத்துக்கு மாலை போடுவதா, வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பதா?

இந்தக் கேள்விக்காகவே ஒரு நாடு அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆண்டர்சன்வில் என்ற சிற்றூரில் இருக்கிறது தேசியப் போர்க் கைதிகள் அருங்காட்சியகம். இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. உள்நாட்டுப் போரின்போது 1864-ல் அங்கே ஒரு சிறை முகாம் திறந்தார்கள். 14 மாதங்களில் சுமார் 45,000 பேரை அடைத்தார்கள். ஏறக்குறைய 13,000 பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள்.

இத்தனை பேரில் பெயர் தெரியாத கல்லறைகள் சுமார் 460 தான். எப்படீன்னு கேட்கிறீர்களா? டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதிக்கு, இறந்தவர்களைப் பதிவேட்டில் எழுதும் வேலை கொடுத்தார்கள். அவர் யாருக்கும் தெரியாமல் இன்னொரு நகல் எழுதி, கோட்டின் உள்துணியில் மறைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். 1865-ல் கிளாரா பார்ட்டன் அம்மையாரும் அவரும் ஆண்டர்சன்வில்லுக்குப் போனார்கள். பட்டியலை வைத்துக் கல்லறைகளுக்குப் பெயர்ப் பலகை நட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில், அரசாங்கமே அட்வாட்டரைக் கைது செய்து சிறையில் போட்டது! வெளியே வந்த பிறகு, 1866-ல் பட்டியல் அச்சாகி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பார்ட்டன் வாஷிங்டனில் ஒரு மாடி அறையில் 'காணாமல் போன வீரர்கள் அலுவலகம்' நடத்தினார். வந்த கடிதங்கள் 63,000-க்கும் மேல். 22,000-க்கும் அதிகமான வீரர்களைப் பற்றிய தகவலை அவர் தேடிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் குறைதீர்ப்பு மையம் என்றே சொல்லலாம். பிற்பாடு அந்த அறையை எல்லோரும் மறந்தே போனார்கள். 1990-களில் கட்டடத்தை இடிக்க இருந்த நேரத்தில், ஓர் அரசு ஊழியர் பரணில் பழைய பெயர்ப் பலகையைக் கண்டெடுத்தார். இடிப்பு நின்றது. 2015-ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது.

ஆண்டர்சன்வில் அருங்காட்சியகமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எல்லாப் போர்களிலும் பிடிபட்ட அமெரிக்கர்களுக்கான நினைவிடமாக அந்த நிலத்தை 1970-ல் சட்டம் அறிவித்தது. கட்டடம் திறந்ததோ 1998 ஏப்ரல் 9-ல்! இடையில் முன்னாள் கைதிகள் நிதி திரட்டினார்கள். 1994-ல் வெளியிட்ட நினைவு வெள்ளி நாணயத்தின் விற்பனையிலிருந்தும் பணம் வந்தது.

சரி, உங்கள் வீட்டிலும் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ உலகப் போருக்குப் போய்த் திரும்பாமல் இருக்கலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள். முனுசாமி என்ற ஒரே பெயருக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். படைப்பிரிவின் பெயர் தெரிந்தால் தேடல் சுருங்கும். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் கூட இருக்கும். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி, மியான்மரின் தாவ்க்கியான் போன்ற நினைவிடங்களில் செதுக்கப்பட்டுள்ளன. சென்னை நந்தம்பாக்கத்திலும் ஆணையத்தின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்கள் என்றால், முதலில் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களின் ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில் உள்ள பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன. போகும்போது வீட்டில் இருக்கும் பழைய கடிதம், பதக்கம், பென்ஷன் தாள் எதையும் விடாமல் எடுத்துச் செல்லுங்கள். படை எண் அதில் எங்காவது ஒரு மூலையில் எழுதியிருக்கும்.