வாக்குமூலத்தில் இல்லாதது கவிதையில் இருக்கும்

ஒரு கவிதைத் தொகுதியைப் பொலிஸ் நிலையத்தில் எப்படி வாசிப்பார்கள்? எங்கட நாட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2017இல் வெளிவந்த 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக, அதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16ஆம் திகதி கைதுசெய்யப்பட்டார். சிலாவத்துறையைச் சேர்ந்த அவர் புத்தளம் பகுதிப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்த இளைஞர். தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. சுயாதீன மொழிபெயர்ப்பாளர்கள் அதே கவிதைகளைப் படித்தபோது யுத்தத்தையும் வன்முறையையும் கண்டிக்கும் வரிகளைத்தான் கண்டார்கள். அவர் ஏறத்தாழ 19 மாதங்கள் தடுப்பிலும் விளக்கமறியலிலும் இருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

கவிதை ஒன்றுதான். அதை வாசித்த கண்கள்தான் வேறு. குற்றவியல் நீதியில் இன ஏற்றத்தாழ்வு என்று நாம் பேசும்போது, தீர்ப்பை மட்டும் பார்த்தால் போதாது. அது தீர்ப்புக்கு வெகு முன்னரே, யாருடைய பேச்சை யார், எந்த மொழியில் எழுதிக்கொள்கிறார்கள் என்ற இடத்தில் ஆரம்பிக்கிறது.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். தற்காலிகச் சட்டமாக வந்து 1982இல் நிரந்தரமானது. அமைச்சரின் கட்டளையில் ஒருவரை மூன்று மூன்று மாதங்களாக, மொத்தம் 18 மாதங்கள்வரை தடுத்துவைக்க அது இடம் கொடுத்தது. 2022இல் வந்த திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இச்சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் அது சாட்சியமாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால், அதைக் காட்டவேண்டிய பொறுப்பும் எதிரியின் தலையில்தான்.

நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். 1993இல் கைதான அவருக்கு 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மேன்முறையீட்டில் அது 35 வருடமாகியது. பிரதான ஆதாரம் ஒரு வாக்குமூலம். அது எழுதப்பட்டிருந்தது சிங்களத்தில். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அடியில் இருந்தது கைநாட்டு. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் கூறியது. 2006இல் எங்கட உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இங்கே சட்ட வலு இல்லை என்று சொல்லிவிட்டது.

சரி, இதில் கலைக்கு என்ன வேலை? வழக்குக் கோப்பில் வாக்குமூலம் இருக்கும், அது பெறப்பட்ட இரவு இருக்காது. கலை அந்த இரவை எழுதுகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த மு. சந்திரகுமார் 'லாக்கப்' என்ற நாவலில் எழுதியது, வேலை தேடி ஆந்திராவின் குண்டூருக்குப் போய் பொலிஸில் சிக்கிய தன் சொந்த அனுபவத்தைத்தான். அதை வைத்து வெற்றிமாறன் 'விசாரணை' படத்தை எடுத்தார். செய்யாத களவை ஒப்புக்கொள்ளச் சொல்லித் தமிழ்க் கூலித்தொழிலாளர்கள் அடிக்கப்படுகிறார்கள். அடிப்பவர்கள் பேசுவது தெலுங்கு. அந்தப் படத்தைப் பார்த்த வெள்ளவத்தைக்காரருக்கு அது இந்தியக் கதையாக மட்டுமா தெரிந்திருக்கும்? 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1989ஆம் ஆண்டுச் சம்பவம் தொடர்பான நியூயோர்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் கறுப்பின, லத்தீன் இனச் சிறுவர்கள் ஐவர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். பொலிஸ் விசாரணையில் பெறப்பட்ட ஒப்புதல்கள்தான் அந்த வழக்கின் முதுகெலும்பு. உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்ட பின் 2002இல் அத்தீர்ப்புகள் ரத்தாகின. ஆனால் ஊர் அதைத் திரும்பப் பேசியது 2019இல் ஏவா டுவெர்னே தொடர்நாடகமாக எடுத்த பிறகுதான். வழக்கை மேற்பார்வை செய்த முன்னாள் அரச வழக்கறிஞரின் நூல்களை வெளியிட்ட பதிப்பகம் அவரைக் கைவிட்டது. சட்டரீதியாக முடிந்த வழக்கு மனிதர் மனத்தில் முடியாமல் இருந்ததைக் கலை காட்டியது.

ஆனால் கலையை மட்டும் புகழ்ந்துகொண்டிருக்க முடியாது. காட்சிக்குக் குற்றம் சுமத்தவும் தெரியும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் 250க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வேதனை எங்களுக்கும் உண்டு. ஆனால் அதன் பின் தொலைக்காட்சியில் என்ன பார்த்தோம்? வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் எடுத்த கத்திகளும் வாள்களும் வரிசையாக வைக்கப்பட்டன. வழக்கு வருமுன்னமே ஒரு சமூகமே சந்தேக நபராகிவிட்டது. அந்தக் காட்சிக்கு எதிர்க்காட்சி வேண்டும். அதைத் தருவது கதையும் கவிதையும் நாடகமும்தான்.

இந்தச் சட்டத்தின் வெப்பத்தை எங்கட ஆட்கள் பலர் 2019க்குப் பிறகுதான் உணர்ந்தார்கள். தமிழ்ச் சமூகம் அதற்கு நாற்பது வருடம் முன்பிருந்தே அதற்குள் இருந்தது. அதை அன்றே பார்த்த ஒருவர் எங்களிலும் இருந்தார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கல்முனைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். சிவில் உடையில் வந்த காவலர்கள் புத்தரையே சுட்டுக் கொல்வதாக ஒரு கனவை அதில் வைத்தார். அந்த எரிப்புக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வழக்குக்கே வராத குற்றத்துக்குச் சாட்சியாக அந்தக் கவிதை நிற்கிறது. எரிந்தது தன் இனத்தவரின் நூலகமா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, எங்கட எழுத்தை நாங்களே நேர்மையாகச் சிங்களத்துக்குக் கொண்டுபோவது. அஹ்னாபின் கவிதைகள் கைதுக்கு முன்பே நல்ல சிங்களத்தில் கிடைத்திருந்தால், தவறான வாசிப்பைக் கேள்வி கேட்க ஒரு சிங்கள வாசகராவது இருந்திருப்பார். 'அர்த' என்ற சிறுகதைக்காக 2019இல் நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்த சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவைப் போன்றோருக்கு எங்கட நிலை விளங்காமல் போகாது.

மற்றது, மற்றவர்களின் சிறை எழுத்தை நாங்கள் வாசிப்பது. தமிழ் அரசியல் கைதிகளின் எழுத்துகள் எங்கட பாடசாலை நூலகங்களில் எத்தனை இருக்கின்றன? எங்கட இலக்கியக் கூட்டங்களில் அவற்றை எப்போதாவது பேசியிருக்கிறோமா? எங்களுக்கு நடந்ததைப் பற்றி மட்டும் எழுதினால் அது முறைப்பாடாக நின்றுவிடும். நீதிக்கான இலக்கியமாக வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுக்காரரின் கைநாட்டையும் நாங்கள் வாசிக்கப் பழகவேண்டும்.